ஒரு தாள், 16 பக்கம்

தாபோடி என்பது மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரை ஒட்டிய ஊர். முளா ஆற்றின் கரையில் இருக்கிறது. புனேயிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயில் இங்கே நிற்கும். அரசுப் பேருந்துகளின் பெரிய பணிமனை இங்கே உண்டு. ராணுவப் பொறியியல் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே கட்கி, பிம்பிரி, சிஞ்ச்வட். இந்தப் பக்கமெல்லாம் வேலை தேடி வந்தவர்கள் பல மாநிலத்து மக்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இங்கே ஒரு சேமிப்புக் குழு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெண்கள். வாரம் தவறாமல் பணம் கட்டுகிறார்கள். கணக்கை ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு நாள் ஒருவர் கேட்கிறார்:

"அக்கா, நான் ஆடி மாசம் நாலு வாரமும் கட்டினேனே. அந்தப் பக்கம் எங்கே?"

நோட்டைப் புரட்டுகிறார்கள். ஆனி மாதம் இருக்கிறது. அடுத்த பக்கம் ஆவணி. நடுவில் உள்ள தாளைக் காணோம். பசை விட்டு விழுந்ததா? யாராவது கிழித்தார்களா? யாருக்கும் தெரியாது. பணம் கட்டியவர் கண் கலங்குகிறார். கணக்கு எழுதியவர் மனம் நோகிறார். ஒரு தாள் போனதால் பத்துப் பேர் நம்பிக்கையும் போகப் பார்க்கிறது.

எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுதியது நிலைக்கவும் வேண்டும். அதற்கு நல்ல புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தை நாமே செய்யலாம். தாளை மடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓலையும் தாளும்

நம் முன்னோர் பனை ஓலையில் எழுதினார்கள். ஓலையை மடிக்க முடியாது. மடித்தால் ஒடியும். ஆகவே ஓலையில் துளை போட்டார்கள். துளையில் கயிறு கோத்துக் கட்டினார்கள். அதுதான் சுவடி. கயிறு அறுந்தால் ஏடுகள் கலைந்துவிடும். எது முன், எது பின் என்று தேட வேண்டும்.

தாள் அப்படி அல்ல. மடித்தால் மடியும். மடித்த இடத்தில் ஊசி போட்டுத் தைக்கலாம். இதனால் புத்தகம் செய்யும் முறையே மாறியது.

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான பழைய நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சானது. அண்டிரிக் அடிகளார் என்ற பாதிரியார் இதை வெளியிட்டார். அந்த நூலுக்கு எத்தனை பக்கம் தெரியுமா? 16 பக்கம்தான். சிறிய புத்தகம் என்றால் மதிப்புக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

பாரம் என்றால் என்ன?

அச்சகத்திலும் பைண்டிங் கடையிலும் 'பாரம்' என்ற சொல்லைக் கேட்கலாம். இது சுமை என்ற பாரம் அல்ல. ஒரு பெரிய தாளை மடித்து வரும் ஒரு கட்டுக்குப் பாரம் என்று பெயர். "இந்தப் புத்தகம் 10 பாரம்" என்பார்கள். ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்றால் மொத்தம் 160 பக்கம் என்று பொருள்.

கணக்கைப் பாருங்கள்.

ஒரு தாளை ஒரு முறை மடித்தால் 2 இதழ், 4 பக்கம்.
இரண்டு முறை மடித்தால் 4 இதழ், 8 பக்கம்.
மூன்று முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம்.
நான்கு முறை மடித்தால் 16 இதழ், 32 பக்கம்.

ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கம் இரண்டு மடங்காகிறது. ஆனால் மடிக்க மடிக்கத் தடிமனும் கூடும். தடித்த தாளை மூன்று முறைக்கு மேல் மடித்தால் சுருக்கம் விழும். ஆகவே கைவேலைக்கு 16 பக்கப் பாரமே நல்லது.

எண்கள் ஏன் தாறுமாறாக இருக்கின்றன?

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். பழைய செய்தித்தாளில் ஒரு தாளை எடுங்கள். மூன்று முறை மடியுங்கள். வெட்ட வேண்டாம். மடித்தபடியே ஓரங்களைத் தூக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் 1, 2, 3 என்று 16 வரை எண் போடுங்கள். இப்போது தாளை விரியுங்கள்.

எண்கள் வரிசையாக இருக்காது. 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும். 4-க்குப் பக்கத்தில் 13 இருக்கும். சில எண்கள் தலைகீழாக நிற்கும். பயப்பட வேண்டாம். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே மடிப்பின் இரண்டு பக்கமும் உள்ள எண்களைக் கூட்டுங்கள். 1-ம் 16-ம் 17. 4-ம் 13-ம் 17. 5-ம் 12-ம் 17. 8-ம் 9-ம் 17.

மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் அது. 8 பக்கம் என்றால் கூட்டுத் தொகை 9. 32 பக்கம் என்றால் 33. இந்தக் கணக்கு தெரிந்தால் பக்கம் மாறாது. அச்சகத்தில் பக்கங்களை அடுக்கும்போதும் இதே கணக்குதான்.

சிறிய தாளில் செய்யும் முறை

பெரிய தாள் எல்லோருக்கும் கிடைக்காது. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் போதும். இதன் நீளம் 29.7 சென்டிமீட்டர். அகலம் 21 சென்டிமீட்டர்.

நான்கு தாள் எடுங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு முறை மடியுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 4 தாள், 8 இதழ், 16 பக்கம். இதுவும் ஒரு பாரம்தான்.

முதலில் எழுதி, பிறகு ஜெராக்ஸ் எடுப்பதானால், பக்கங்களை இப்படி அமைக்க வேண்டும்.

முதல் தாள்: ஒரு புறம் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. மறுபுறம் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 15.
இரண்டாம் தாள்: ஒரு புறம் 14, 3. மறுபுறம் 4, 13.
மூன்றாம் தாள்: ஒரு புறம் 12, 5. மறுபுறம் 6, 11.
நான்காம் தாள்: ஒரு புறம் 10, 7. மறுபுறம் 8, 9.

எதைக் கூட்டினாலும் 17 வருகிறதா? வந்தால் சரி. முதலில் வெற்றுத் தாளில் ஒரு மாதிரி செய்து எண் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி செய்யாமல் பத்துப் பிரதி எடுத்தால், பத்தும் தப்பாகலாம். தாளும் போகும். காசும் போகும்.

தாளுக்கும் நார் உண்டு

மரக்கட்டையை நார் ஓடும் திசையில் பிளந்தால் எளிதாகப் பிளக்கும். குறுக்கே பிளக்க வராது. தாளும் அப்படித்தான். தாள் நாரால் ஆனது. ஆலையில் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும்.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். பிறகு குறுக்கே கிழியுங்கள். ஒரு திசையில் கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். அதுதான் நாரின் திசை. மறு திசையில் கோணல் மாணலாகக் கிழியும்.

இன்னொரு வழியும் உண்டு. தாளை மடிக்காமல் லேசாக வளைத்து அழுத்துங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கு இணையாக நார் ஓடுகிறது.

இதைத் தெரிந்து என்ன பயன்? புத்தகத்தின் முதுகு மேலிருந்து கீழாக இருக்கிறது. நாரும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போது மடிப்பு வெடிக்காது. பக்கம் எளிதாகத் திரும்பும்.

புனே பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. காற்றில் ஈரம் இருக்கும். தாள் அந்த ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த நார் நீளத்தில் அதிகம் வளராது, பருக்கும். ஆகவே தாள் நாருக்குக் குறுக்கே விரியும். நார் தவறான திசையில் இருந்தால், தைத்த முதுகின் ஓரமாகவே தாள் விரியப் பார்க்கும். தையல் விடாது. அதனால் தாள் அலை அலையாக நெளியும்.

கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை நடுவில் மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். ஒரு பாரம் உள்ள மெல்லிய புத்தகத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. பல பாரம் உள்ள கணக்குப் புத்தகத்துக்குப் பெரிய தாள் வாங்கி, நார் பார்த்து வெட்டிக்கொள்வது நல்லது.

கையால் செய்த தாளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதில் நார்கள் எல்லாப் பக்கமும் கலந்து படியும். புனேயில் சிவாஜிநகரில் கையால் காகிதம் செய்யும் நிலையம் ஒன்று 1940-இல் தொடங்கியது. பழைய பருத்தித் துணித் துண்டுகளிலிருந்தும் நல்ல காகிதம் செய்யலாம்.

மடிக்கும் விதம்

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை தாளில் கறை போடும். சமமான பலகையை வைத்துக்கொள்ளுங்கள்.

தாளின் ஒரு மூலையை எதிர் மூலையோடு சேருங்கள். ஓரங்கள் சரியாக ஒட்ட வேண்டும். ஒரு கையால் அழுத்திப் பிடியுங்கள். மறு கையால் மடிப்பின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீவுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தேய்த்தால் தாள் நகர்ந்துவிடும்.

பிறகு மடிப்பை வழவழப்பான மூங்கில் பத்தையால் ஒரு முறை தேயுங்கள். பைண்டிங் செய்பவர்கள் எலும்புப் பத்தையும் வைத்திருப்பார்கள். நகத்தால் தேய்த்தால் தாளில் பளபளப்புக் கோடு விழும். உலோகக் கரண்டியால் தேய்த்தால் கறுப்புக் கோடு விழலாம்.

பெரிய தாளை மூன்று முறை மடிக்கும்போது உள்ளே காற்று அடைபடும். மூலையில் சுருக்கம் விழும். அதற்கு ஒரு வழி உண்டு. மூன்றாவது மடிப்புக்கு முன், இரண்டாவது மடிப்பின் விளிம்பைக் கத்தியால் கீறுங்கள். பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீறினால் போதும். முழுவதும் கீறக் கூடாது. காற்று வெளியேறும். மடிப்பு படியும்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தாள்களில் உள்தாள் சற்று வெளியே நீட்டிக்கொண்டு வரும். இது உங்கள் தவறு அல்ல. வெளித்தாள் மற்ற தாள்களைச் சுற்றி வர வேண்டும். அதனால் அதன் அகலம் கொஞ்சம் குறைகிறது. தைத்த பிறகு ஓரத்தை ஒரே சீராக வெட்டிவிடலாம். ஆகவே ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத்தும் வெட்டுப்படும்.

மடித்த பாரங்களை அடுக்குங்கள். மேலும் கீழும் பலகை வையுங்கள். மேலே துணி சுற்றிய செங்கல் வையுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் பாரங்கள் தட்டையாகப் படிந்திருக்கும்.

வரிசை பார்த்தல்

பல பாரம் இருந்தால் வரிசை மாறிவிடும் பயம் உண்டு. பழைய புத்தகங்களில் சில பக்கங்களின் அடியில் ஒரு சிறு எண் தனியாக இருக்கும். அது பக்க எண் அல்ல. பாரத்தின் எண். அடுக்குகிறவருக்காகப் போட்டது.

வீட்டில் செய்யும்போது இப்படிச் செய்யுங்கள். எல்லாப் பாரங்களையும் வரிசையாக அடுக்குங்கள். முதுகில் பென்சிலால் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு சாய்வுக் கோடு போடுங்கள். பிறகு ஒரு பாரம் இடம் மாறினாலும் கோடு உடையும். ஒரு பாரம் குறைந்தாலும் கோடு உடையும். எழுத்தைப் படிக்காமலே தவறு தெரிந்துவிடும்.

ஒரு பாரத்தைத் தைத்தல்

குத்தூசி, தையல் ஊசி, உறுதியான பருத்தி நூல் வேண்டும். நூலின் நீளம் புத்தகத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. நூலை மெழுகில் ஒரு முறை இழுத்தால் சிக்காது.

பாரத்தை விரித்து, நடு மடிப்பில் மூன்று துளை போடுங்கள். ஒன்று நடுவில். ஒன்று மேலே. ஒன்று கீழே.

ஊசியை உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே எடுங்கள். உள்ளே நான்கு விரல் நூலை விட்டுவிடுங்கள். வெளிப்புறமாக மேல் துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத் துளையைத் தாண்டி நேராகக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுங்கள். வெளிப்புறமாக நடுத் துளைக்கு வந்து உள்ளே நுழையுங்கள். இப்போது இரண்டு நூல் முனையும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு இப்புறம் ஒரு முனை, அப்புறம் ஒரு முனை. அந்த நூலையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் போக்கில் இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும்.

பல பாரங்களைத் தைத்தல்

64 பக்கப் புத்தகத்துக்கு 4 பாரம் வேண்டும். ஒவ்வொரு பாரத்திலும் ஒரே இடத்தில் 6 துளை போடுங்கள். அட்டையில் அளவு குறித்து வைத்துக்கொண்டால் துளை மாறாது. பாவாடை நாடாவில் இரண்டு துண்டு எடுங்கள். 2, 3-ஆம் துளைகளுக்கு நடுவில் ஒரு நாடா. 4, 5-ஆம் துளைகளுக்கு நடுவில் இன்னொரு நாடா.

முதல் பாரத்தில் 1-ஆம் துளையில் வெளியிலிருந்து நுழையுங்கள். நூல் முனையை வெளியே விடுங்கள். 2-இல் வெளியே வந்து நாடாவைச் சுற்றி 3-இல் உள்ளே போங்கள். 4-இல் வெளியே வந்து நாடாவைச் சுற்றி 5-இல் உள்ளே போங்கள். 6-இல் வெளியே வாருங்கள்.

இரண்டாம் பாரத்தை மேலே வையுங்கள். அதன் 6-ஆம் துளையில் நுழைந்து அதேபோல் திரும்பி வாருங்கள். 1-இல் வெளியே வந்ததும், விட்டு வைத்த முனையோடு முடிச்சுப் போடுங்கள். மூன்றாம் பாரத்தைத் தைத்து முடிவுக்கு வந்ததும், கீழே இரண்டு பாரங்களைச் சேர்க்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டு, வளையத்தில் கோத்து இழுங்கள். பிறகு நான்காம் பாரத்துக்கு ஏறுங்கள். இப்படி ஒவ்வொரு பாரமும் கீழே உள்ள பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

தைத்த புத்தகத்தின் பலம்

பசை மட்டும் போட்ட புத்தகத்தில் தாள்கள் தனித்தனி. பசை காய்ந்து வெடித்தால் தாள் உதிரும். மடித்துத் தைத்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜோடி உண்டு. 3-ஆம் பக்கத்தைக் கிழித்தால், அதன் ஜோடியான 14-ஆம் பக்கம் ஆடும், கையோடு வந்துவிடும். திருட்டுத்தனமாக ஒரு தாளை எடுக்க முடியாது. எடுத்தால் புத்தகமே காட்டிக்கொடுக்கும்.

சேமிப்புக் குழுவுக்கு இது பெரிய காவல். எல்லாப் பக்கத்துக்கும் முதலிலேயே எண் போடுங்கள். முதல் பக்கத்தில் "இந்தப் புத்தகத்தில் 1 முதல் 64 வரை பக்கங்கள் உள்ளன" என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

கூலி வேலை செய்வோருக்கும் இது உதவும். 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், நல வாரியத்தில் பதிவு செய்ய ஓர் ஆண்டில் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் என்றது. எந்தத் தேதி, எந்த இடம், யாரிடம் வேலை, எவ்வளவு கூலி? துண்டுச் சீட்டில் எழுதினால் காற்றில் போகும். நீங்களே எழுதிய புத்தகம் மட்டும் அரசுச் சான்று ஆகாது. ஆனால் சான்று கேட்கும்போது நாள் கணக்கைத் தயங்காமல் சொல்லலாம்.

பத்துப் பிரதி போதும்

அச்சகத்தில் கேட்டால் நூறு, ஐந்நூறு என்று பிரதி எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்பார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் அவ்வளவு பிரதி தேவையா? ஒரு தெருவுக்குப் பத்துப் பிரதி போதும்.

குறைந்த பிரதிகளைக் கையால் செய்து பெயர் பெற்றவர்கள் உண்டு. கொல்கத்தாவில் பேராசிரியர் பி. லால் 1958-இல் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். புது எழுத்தாளர்களின் நூல்களைக் குறைந்த பிரதிகளில் வெளியிட்டார். அட்டைக்குக் கைத்தறிச் சேலைத் துணி ஒட்டினார்கள். சென்னையில் தாரா பதிப்பகம் 1994-இல் தொடங்கியது. கையால் செய்த தாளில் கையால் அச்சிட்டு, கையால் தைத்த நூல்களை அது வெளியிட்டது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களைப் பற்றிய நூல் ஒன்றை 2006-இல் கொண்டு வந்தது. அந்த நூலுக்கு 2008-இல் இத்தாலி நாட்டில் போலோனா நகரில் பரிசு கிடைத்தது.

பழைய சேலைத் துணி உங்கள் வீட்டிலும் இருக்கும். மைதா மாவைக் காய்ச்சினால் பசை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். வீட்டில் கலக்க வேண்டாம். பசை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். ஒட்டிய அட்டையை நன்றாகக் காய வையுங்கள்.

தாபோடி போன்ற ஊர்களில் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பாட்டி பாடிய தாலாட்டு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. சொந்த ஊர் எது, எந்த ஆண்டு ஊரை விட்டு வந்தோம், முதலில் என்ன கூலி என்பதும் இல்லை. பெரியவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். இப்போது எழுதத் தெரியும். தாளை மடிக்கவும் தெரியும். 16 பக்கத்தில் தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

1. 4 தாள்களை மடித்து ஒரு பாரம் செய்யுங்கள். எண் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.
2. இரண்டு விதத் தாள்களைக் கிழித்து நாரின் திசையைக் கண்டுபிடியுங்கள்.
3. மூன்று துளைத் தையல் போடுங்கள்.
4. முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதை எழுதுங்கள்.